விளையாடிப் பார்த்த ஒருத்தி

சுவரைக் கண்டால் முதலில் முட்டிப் பார்ப்பாள். பிறகு ஓரமாக நகர்ந்து முட்டுவாள், குதித்து முட்டுவாள், குனிந்து முட்டுவாள், முதுகைக் காட்டியபடி பின்பக்கமாகவே நடந்து வந்து முட்டுவாள். நிஜச் சுவரை அல்ல, திரைக்குள் இருக்கும் சுவரை. எங்காவது ஓரிடத்தில் கல் வழிவிட்டு, ஆள் உள்ளே புகுந்து, அடியில்லாத வெறுமையில் விழ ஆரம்பித்தால், "மாட்டுனியா!" என்பாள். உடனே கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, எந்தத் தீவு, எந்தச் சுவர், எத்தனையாவது முட்டு, அப்போது மழையா வெயிலா என்று தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுவாள். வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் அவள் பரிசோதகர். வயது நாற்பத்தொன்று. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் சுவரக்கா.

இடது கட்டைவிரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி இருக்கும். காயம் எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அந்த விரலால் திரைக்குள் இன்னொருத்தியை நடக்க வைப்பதால், வழுக்காமல் இருக்க ஒட்டிக்கொள்வது. அவளோடு உட்கார்ந்து நிம்மதியாக ஒரு சினிமா பார்க்க முடியாது. கதாநாயகன் கதறிக்கொண்டிருக்கும்போது, "போன ஷாட்ல சட்டப் பொத்தான் போட்டிருந்துச்சு, இப்ப பாரு" என்பாள். லிஃப்டில் ஏறினால் மூடும் பொத்தானை அழுத்துவாள். கதவு பாதி மூடியதும் திறக்கும் பொத்தானை அழுத்துவாள். கூட நிற்பவர்கள் முறைத்தால், "இல்ல, வேல செய்யுதான்னு பாத்தேன்." கல்யாணம் நாலே வருடத்தில் முறிந்துபோனது. ஏன் என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேருமே ரிப்போர்ட் குடுத்தோம், யாரும் சரி பண்ணல" என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். அதிலிருந்து அண்ணன் வீட்டு மாடியில்தான் வாசம்.

அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவளைவிட ஆறு வயது மூத்தவன். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து படித்த ஜப்பானியப் படக்கதை ஒன்று உண்டு. மாங்கா என்பார்களே, அது. வெள்ளம் மூடிவிட்ட நாட்டில், தீவு தீவாகப் படகில் போய்க் கடிதம் கொடுக்கும் ஒற்றைக்கண் தபால்காரியின் கதை, முப்பத்தோரு புத்தகங்கள். ஒன்பதாவது புத்தகத்தில் தபால்காரி தன் சொந்தத் தாய்க்கே ஒரு கடிதம் கொண்டுபோகிறாள். தாய்க்கு மகளை அடையாளம் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, "மழை வருது, பார்த்துப் போம்மா" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். அந்தக் காட்சியின் ஏழு பக்கங்களுக்கும் சேர்த்து அந்த ஒரு வரிதான். அண்ணன்தான் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினான். முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அவர்களுடைய அம்மா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்தக் கதையைத் திறந்த உலக விளையாட்டாக எடுக்கிறார்கள், ஆடுகிறவர் கடலில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படகை விட்டுக்கொண்டு போகலாம் என்று கேள்விப்பட்டதும், வங்கி மென்பொருளைப் பரிசோதிக்கும் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தவள் அவள். அண்ணன் பணிமனை முழுக்கச் சொல்லிவிட்டான். "எந்தங்கச்சிதான் மொதல்ல வெளையாடிப் பாக்கறா. அப்புறந்தான் ஒலகத்துக்கே."

இரண்டரை வருடம் விளையாடிப் பார்த்தாள். தாயின் காட்சியை மட்டும் இருநூறு தடவைக்கு மேல் ஆடியிருப்பாள். பத்தாவது தடவை வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த பொத்தானை அழுத்தினாள். முப்பதாவது தடவையில் மழைச் சத்தம் அரை நொடி பிந்தி வருவது காதில் பட்டது. நூறைத் தாண்டியபோது அங்கே தாயும் இல்லை, மகளும் இல்லை. ஒரு கதவு, ஒரு காகிதம், அழுத்த ஒரு பொத்தான், அவ்வளவுதான். படக்கதையின் அந்த ஏழு பக்கங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் ஆகவில்லை. அதை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை.

விளையாட்டில் மழை பெய்யும்போது கிழக்குத் துறையில் படகைக் கட்டிவிட்டு ஏறிப் போனால் தாய்க்கு முகம் வரவில்லை. இரண்டு கண்களும் ஒரு வரிசைப் பல்லும் மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, "மழை வருது, பார்த்துப் போம்மா" என்றன. சுவரக்கா படமெடுத்து, எழுதி, மிக மிக அவசரம் என்று குறித்து அனுப்பினாள். அறிக்கை எண் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு. மூன்றாம் நாள் மேனேஜர் அதன் கீழே 'அவசரமில்லை' என்று எழுதி மூடினார். அவள் மறுபடி திறந்தாள். அவர் மறுபடி மூடினார்.

"பத்துப் பேர்ல ஒருத்தருக்குத்தாம்மா வரும்" என்றார்.

"அந்த ஒருத்தர் என்ன சார் பாவம் பண்ணாரு?"

அந்தத் தாயின் முகத்தைச் செய்த ஓவியர் அவளுக்கு இரண்டு மேசை தள்ளி உட்காருகிறவர். கண்ணோரச் சுருக்கங்களுக்காகவே எட்டு மாதம் மெனக்கெட்டவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். "ஐயோ" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விமர்சகர்களுக்கு விளையாட்டைப் பத்து நாள் முன்பே அனுப்பியிருந்தார்கள். ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விமர்சனத்தை வெளியிடலாம் என்று ஏற்பாடு. இரண்டரை மணிக்கே பெரிய கூடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தபால்காரியின் முகம் வரைந்த கேக் ஒன்று நடுமேசையில் இருந்தது. முதல் விமர்சனம் பத்துக்கு ஒன்பது. எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் இரண்டாவது வந்தது, பத்துக்கு நான்கு. அப்புறம் ஐந்து. அப்புறம் இன்னொரு நான்கு. 'கடல் பெரியது, ஆனால் காலி' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'படக்கதையில் பேச்சில்லாத ஒரு பக்கம் நெஞ்சை அடைக்கும். இங்கே பேச்சில்லாமல் ஒரு மணி நேரம் படகு ஓட்டினால் கொட்டாவி வருகிறது' என்றார் இன்னொருவர். 'முப்பத்தோரு புத்தகங்களின் துக்கத்தைப் புதையல் பெட்டி பொறுக்கும் வேலையாக்கிவிட்டார்கள்' என்பது மூன்றாமவர் எழுதியது.

சுவரக்காவுக்கு ஒரு வரியைக்கூட மறுக்கத் தோன்றவில்லை. எல்லாம் அவள் அறிக்கைகளில் எழுதியதுதான். இவர்கள் இன்னும் நன்றாக எழுதியிருந்தார்கள். "கரெக்டாத்தான சொல்றான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளினாள். அப்போதுதான் அடுத்தது திரையில் வந்தது. அந்தரத்தில் தொங்கும் கண்களும் பற்களும், கீழே ஒரே ஒரு கேள்வி: 'இதை வெளியிடுவதற்கு முன் ஒரு மனிதராவது விளையாடிப் பார்த்தாரா?'

மூன்று தடவை படித்தாள். கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. கேக்கை யாரும் வெட்டவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அண்ணன் சாப்பாட்டு மேசையில் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்சிக்கு யாரோ கோமாளி இசை சேர்த்துப் போட்ட வீடியோ. லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள்.

"இங்க வா, இதப் பாரேன். பல்லு மட்டும் பேசுது!" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். ஆனால் வாய் நிற்கவில்லை. "நீங்கல்லாம் அங்க உக்காந்து என்னதான் பண்ணீங்க? கண்ணு தெரியலையா யாருக்கும்?"

"நாலாயிரத்து நூத்திப் பதினேழு" என்றாள் அவள்.

"என்னது?"

"ஒண்ணுல்ல." தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அலுவலக விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்று சேரும்போதே எழுதி வாங்கியிருந்தார்கள். அதைவிட, ஒன்பதாவது புத்தகத்தை வாசித்துக் காட்டியவனே இதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்பதை எந்த அறிக்கையில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம். விமர்சனங்களை அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார் மேனேஜர். "இந்த மூஞ்சி விஷயத்துல ஊரே சிரிக்குது. டெஸ்டிங்ல இருந்து ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலையே?"

"சொன்னேன் சார்" என்று சுவரக்கா தன் மடிக்கணினியைத் திரையில் இணைத்தாள். தேதி, படம், மிக மிக அவசரம். கீழே அவருடைய பெயரும் 'அவசரமில்லை' என்ற வார்த்தையும். நான்கு தடவை திறந்து நான்கு தடவை மூடியது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ரிப்போர்ட்டும்மா. அத யாரு இல்லன்னா? இவ்ளோ முக்கியம்னா நேர்ல வந்து கத்தியிருக்க வேண்டாமா?"

"வந்தேன் சார். கேக்குல படம் எப்படி வரணும்னு பேசிட்டிருந்தீங்க. அப்புறம் வான்னீங்க."

யாரோ இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினார்கள். அவள் ஓவியரைப் பார்த்தாள். 'ஐயோ' என்று சொன்ன வாய் அது. 'எனக்கும் காட்டினாள்' என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் மேசையில் இல்லாத தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "அவர் நல்லவர்தான். நல்லவரா இருந்து என்ன பண்றது" என்பாள்.

அன்று மாலையே நிறுவனத்தின் பக்கத்தில் இரண்டு வரி வந்தது. 'தரப் பரிசோதனையில் நேர்ந்த கவனக்குறைவுக்காக ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.'

திங்கட்கிழமை காலை பதினோரு பரிசோதகர்களின் அடையாள அட்டைக்கும் வாசல் கதவு திறக்கவில்லை. அவரவர் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் போட்டு வரவேற்பறையில் அடுக்கியிருந்தார்கள். பணியாளர் பிரிவுப் பெண் நீட்டிய பணிநீக்கக் காகிதத்தில் மற்றவர்கள் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். சுவரக்கா ஏழு பக்கத்தையும் நின்றபடி படித்தாள். "நாலாவது பாராவுல வருஷம் தப்பா இருக்கு பாருங்க" என்றாள். அந்தப் பெண் நன்றி சொல்லி, உள்ளே போய்த் திருத்தி, புதிதாக அச்செடுத்து வந்தாள். அதில் இவள் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது மருத்துவமனைகளில் பெயர் பதியும் தொடுதிரைகளைப் பரிசோதிக்கிறாள். ஈர விரலால் தொடுவாள், நடுங்கும் விரலால் தொடுவாள், கையுறை போட்டுக்கொண்டு தொடுவாள். வேலை எப்படி என்று கேட்டால், "இங்க கதை கெடையாது. நிம்மதியா இருக்கேன்" என்கிறாள். நிம்மதியாக இருப்பவளின் குரல் அல்ல அது.

எட்டு மாதம் கழித்து விளையாட்டைத் திருத்தி மறுபடி விட்டார்கள். தாய்க்கு முகம் வந்துவிட்டது. மழை நேரத்துக்குப் பெய்தது. காலித் தீவுகளில் ஆட்கள் நடமாடினார்கள். திருத்தியவற்றின் பட்டியலை வரிசையாக வெளியிட்டிருந்தார்கள். பல வரிகளில் அவள் வாக்கியமே அப்படியே இருந்தது. நான்கு கொடுத்தவர் எட்டு கொடுத்தார். 'விழுந்தவர்கள் எழுந்த கதை' என்று தலைப்புப் போட்டார்கள். பேட்டியில் மேனேஜர் சொன்னார்: "விமர்சகர்கள் சொன்னதக் காது குடுத்துக் கேட்டோம். அவ்ளோதான் ரகசியம்."

போன ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் கீழே இருந்து குரல் கொடுத்தான். தங்கையை வேலையிலிருந்து அனுப்பிய அன்றிலிருந்து அவன் அந்த வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, மன்னிப்பும் கேட்டதில்லை. மாறாக, யாருக்கும் சொல்லாமல் விளையாட்டை வாங்கி, பணிமனை விட்டு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஆடி, ஒன்பதாவது புத்தகத்தின் காட்சிக்கு வந்து சேர்ந்திருந்தான். அவள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். கதவு திறந்தது. கண்ணோரச் சுருக்கங்கள் உட்பட முழுமுகமாகத் தாய் நின்றாள். "மழை வருது, பார்த்துப் போம்மா." அண்ணனின் தோள் குலுங்கியது. கிரீஸ் படிந்த நகங்களுள்ள விரல்களால் கண்ணை அழுத்திக்கொண்டான். அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

"இரு, இரு, போயிடாத" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் வேறொரு பக்கத்தைத் திறந்தான். "உழைச்சவங்க பேரெல்லாம் போடுவாங்கல்ல? உன் பேரப் பாக்கணும் எனக்கு. போட்டோ எடுத்து டிப்போல காட்டணும்."

கறுப்புத் திரையில் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறின. மேனேஜர் ஏறினார். ஓவியர் ஏறினார். இசைக்காரர்கள், மொழிபெயர்த்தவர்கள், வக்கீல்கள். 'தரப் பரிசோதனை' என்று வந்ததும் அண்ணன் முன்னால் குனிந்தான். அதன் கீழே அவர்கள் கேள்விப்பட்டிராத ஏதோ வெளி நிறுவனத்தின் பெயர் ஒன்று மட்டும் ஏறிப் போனது. பிறகு, விளையாட்டு உருவான காலத்தில் பணியாளர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்கள். பிறகு அலுவலக நாயின் பெயர்.

"கடைசில போடுவாங்களா இருக்கும்" என்றான் அண்ணன், கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் பொறு."

திரையின் மூலையில் சின்ன எழுத்தில், 'தாண்டிச் செல்லப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும்' என்று இருந்தது. அவள் அண்ணனின் கைக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தப் பொத்தானை அழுத்தினாள். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த வட்டம் நிறைகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.