ரோஸ்வித்தா போட்ட கையெழுத்து

ஹால்டன்பாக்கில் நூற்பாலை ஓடிய காலத்தில் ஊரின் சிம்பொனி குழு ஆலையின் சாப்பாட்டுக் கூடத்திலேயே வாசிக்கும். முட்டைக்கோஸ் வேகும் வாடைக்கு நடுவே, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, பெண்கள் உட்கார்ந்து கேட்பார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் முதியோர் இல்லத்துக்கும் குழு போய்வரும். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. குழாயில் தண்ணீர் வருவதுபோல அதுவும் இருந்தது.

பெர்லின் சுவர் விழுந்து, கிழக்கும் மேற்கும் ஒரே நாடானபின் ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். ஊருக்கென்று மிஞ்சியது குழு மட்டும்தான். ‘எங்க குழு’ என்ற பேச்சு அப்போதுதான் எல்லார் வாயிலும் வந்தது. ஆனால் சீட்டு வாங்கிக் கேட்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

ரோஸ்வித்தா கெம்ப் அந்தக் குழுவில் இரண்டாம் வயலின். அவளும் மரீட்டாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரே தாளைப் பார்த்து வாசிப்பவர்கள். சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

பக்கத்து நகரமான ரீடர்பெர்க்கின் குழுவோடு இணைந்தால்தான் பணம் என்று மாநில அரசு சொன்னபோது, பேச்சுவார்த்தைக்கு ரோஸ்வித்தாவைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அவள் வாய்க்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். குளிர்காலம் முழுக்க அவள் மல்லுக்கட்டினாள். முப்பது பேரை வேலையைவிட்டு அனுப்புவதாக இருந்ததைப் பதினான்காகக் குறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளைகுட்டி இல்லாதவர்கள்தான் முதலில் போக வேண்டும் என்பது விதி. மரீட்டா கல்யாணமே செய்துகொள்ளாதவள்.

மறுநாள் ஒத்திகைக் கூடத்தில் மரீட்டா தலை நிமிராமல் கேட்டாள்.

“போட்டுட்டியாடி?”

“போட்டுட்டேன். இல்லைன்னா மொத்தமா இழுத்து மூடியிருப்பாங்க.”

“தெரியும். நல்லாப் பேசுவேன்னுதானே உன்னை அனுப்பினோம். உன் பேரு இல்லையே அதுல?”

“பேச்சுவார்த்தைக்குப் போனவங்களைச் சட்டப்படி தொட முடியாது.”

“அடடா, இது முன்னாடியே தெரியாமப் போச்சே! நானே தேர்தல்ல நின்னிருப்பேன்,” என்று மரீட்டா சிரித்தாள்.

‘எனக்குப் பதிலா நீ போயேன்’ என்று அவள் கேட்பாள் என ரோஸ்வித்தா காத்திருந்தாள். பதிலைத் தயாராக வைத்திருந்தாள். ஆலை மூடியதிலிருந்து கணவன் லோத்தாருக்கு வேலையில்லை, பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மரீட்டா கேட்கவே இல்லை. வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

கேட்காததற்காக ரோஸ்வித்தா அவளை வெகுநாள் வெறுத்தாள்.

ரொட்டிக்கடைக்காரி ஒருநாள் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: “முழுசாத் தரட்டுமா, இல்ல நீங்களே வெட்டிக்கிறீங்களா? வெட்டறதுல கை தேர்ந்தவங்களாச்சே!”

“வேற கடைக்குப் போயேன்,” என்றான் லோத்தார், வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு.

“வேற கடை எங்க இருக்கு இந்த ஊர்ல?”

இணைந்த குழு இலையுதிர்காலத்தில் ஹால்டன்பாக்கில் முதன்முறையாக வாசித்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. பழைய குழுவுக்கு ஒருநாளும் வராத கூட்டம். ஏளனம் செய்வார்கள் என்று ரோஸ்வித்தா பயந்திருந்தாள். அவர்களோ எழுந்து நின்று கைதட்டினார்கள். அது அவளுக்கு இன்னும் கசந்தது.

மூன்றாவது வரிசையில் மரீட்டா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் நேரே மேடையருகே வந்தாள்.

“ரெண்டாவது பகுதியில சுருதி இறங்கிட்ட, ரோஸ்வித்தா.”

“கவனிச்சியா?”

“என் நாற்காலியில உன் பக்கத்துல இருந்தவனுக்குத் தெரியல போல. நல்ல பையன். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டான்.”

சுருதி இறங்கியது உண்மைதான். அந்தக் குளிர்காலமே மரீட்டா மேற்கே இருந்த தன் தங்கையிடம் போய், ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ரோஸ்வித்தா கிறிஸ்துமஸ் தோறும் பக்கம் பக்கமாக எழுதினாள். பதிலுக்கு வாழ்த்து அட்டை வரும். அதில் மரீட்டாவின் பெயரைத் தவிர ஒன்றும் இருக்காது.

குழுவின் பெயரிலிருந்து ஹால்டன்பாக் சில ஆண்டுகளிலேயே உதிர்ந்தது. பெயர்ப் பலகைக்கு நீளம் அதிகமாம். ரோஸ்வித்தா ரீடர்பெர்க்குக்குப் பேருந்தில் போய்வந்து, வயதானதும் ஓய்வு பெற்றாள். கடைசி நாளில் இளவயது நிர்வாகி ஒருவர் பூங்கொத்தை நீட்டினார். “வெளியூர்லேர்ந்து வந்து இத்தனை வருஷம் எங்களோட வாசிச்சிருக்காங்க,” என்று மனதாரப் பாராட்டினார். அவள் தலையசைத்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் லோத்தார் கேட்டான்: “என்ன சொன்னாங்க?”

“நன்றி சொன்னாங்க,” என்றாள்.