கால் அங்குலப் பாவாடைக்கு யார் கட்டம் போட்டது

ஓர் அங்குல உயரச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசிக் கொடுப்பது என் தொழில். சிப்பாய்கள் இதுவரை எனக்கு ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை, அவர்களை வைத்துச் சண்டை போடுகிற ஆம்பிளைகள்தான் கொடுக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல வேலையில் இருக்கிற, தலை நரைத்த மனிதர்கள்கூட மேசைமேல் பிளாஸ்டிக் படைகளை எதிரெதிரே நிறுத்தி, டேப் வைத்துத் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் செய்கிறார்கள். படை பெட்டியிலிருந்து வந்த சாம்பல் நிறத்திலேயே நின்றால் கௌரவக் குறைச்சல். பூசத் தெரியாதவர்கள் என்னிடம் வருகிறார்கள். ஓர் இழை பிசகினாலும் பூத்தையல் முழுவதையும் பிரிக்கச் சொன்ன கான்வென்ட் சிஸ்டர்மாரிடம் வளர்ந்த கை இது, நடுங்காது. வீட்டிலிருந்தபடி ப்ளவுஸ் தைக்கிறவர்களே, கேக் செய்கிறவர்களே, மருதாணி போடுகிறவர்களே, உங்களுக்கு இது புரியும்.

புளோக்கின் கீழே

வர்ணத்துக்கு முன்னால், அது ஒட்டிப் பிடிக்க ப்ரைமர் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். நாங்கள் இருக்கிற சிங்கப்பூர்ச் செம்பவாங்கின் ஈரக் காற்றில் அடித்தால் அது மாவு மாவாகப் பூத்து மூக்கு முழியெல்லாம் மறைந்துவிடும். அதனால் வெயில் பார்த்து, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே புல்லோரம் அட்டைப்பெட்டிக்குள் நாற்பது பேரை நிறுத்தி, முகமூடி போட்டுக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் வந்து நின்றாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆர்வமாகக் கேட்கிறாளே என்று அடிப்பூச்சு, நிழல், வெளிச்சம், வார்னிஷ், ஓர் ஆளுக்கு மூன்று மணி நேரம் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் தோளைத் தொட்டு, மிகுந்த இரக்கத்தோடு சொன்னாள்:

"அக்கா, இதெல்லாம் கலரோடவே தேக்கா பொம்மைக் கடையில விக்குதே, உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

ரவை

பிரவீன் என் முதல் பெரிய வாடிக்கையாளன். உட்லண்ட்ஸில் வீடு, வங்கியில் கம்ப்யூட்டர் வேலை, முப்பத்தைந்து வயது. அவனுக்குக் கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படை, மொத்தம் அறுபது பேர். ஒவ்வொரு சிப்பாயும் ஒரு வட்டத் தட்டில் நிற்பான். அதில் மணல் ஒட்டி, புல் ஒட்டி, தரை மாதிரி செய்ய வேண்டும். கடைசிப் பதினைந்து பேருக்கு மணல் தீர்ந்துவிட்டது. சமையலறையில் ரவை இருந்தது. பசையில் தோய்த்து, பழுப்பு பூசினால் கடவுளுக்கே வித்தியாசம் தெரியாது என்று நினைத்தேன்.

கடவுளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், வண்டுக்குத் தெரிந்துவிட்டது. தப்பு என்னுடையது, ஒத்துக்கொண்டு பதினைந்தையும் சுரண்டி மறுபடி செய்து கொடுத்தேன். ஆனால் இவன் அதை என்னிடம் தனியாகச் சொன்னானா? விளையாட்டுக் கடையில் பத்துப் பேர் நடுவில் பெட்டியைத் திறந்து காட்டினான்.

"ஆன்டி, நான் டைஸ் போடறதுக்கு முன்னாடியே உங்க ஆர்மி நடக்குது லா."

சுவரில் ஒரு படம்

லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் அந்தக் கடை இருக்கிறது. உரிமையாளர் ஆல்வின், நல்ல மனிதர். வருஷத்துக்கு ஒரு போட்டியும் அவரே நடத்துவார். போட்டி முடிந்த அடுத்த வாரம் பிரஷ் வாங்கப் போனேன். சுவரில் பிரவீன் கோப்பையோடு சிரிக்கிறான். 'மிகச் சிறந்த வர்ணப் படை' என்று கீழே எழுதியிருக்கிறது. அவன் கையருகில் என் அறுபது பேர்.

இந்தப் பரிசுக்கு ஒரு விதி உண்டு. படையைத் தன் கையால் பூசியவர்தான் அதைப் போட்டிக்குக் கொண்டுவர வேண்டும். ஃபாரத்தில் 'பூசியவர் நானே' என்று டிக் அடிக்க வேண்டும். அடித்திருக்கிறான். அதோடு விட்டானா? நான் பிரஷ் அலமாரிக்குப் பின்னால் நிற்கும்போதே, பாவாடைக் கட்டங்களை எப்படிப் போட்டான் என்று ஒருவனுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான். டேப் ஒட்டிப் பூசினானாம். கால் அங்குலப் பாவாடையில் டேப். அந்தக் கட்டங்களை மூன்று முடி பிரஷ்ஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கோடாக நான் இழுத்தேன்.

அலமாரியைச் சுற்றிப் போய் அவன் எதிரில் நின்றேன். முகம் வெளுத்தது, ஆனால் வாய் ஓயவில்லை.

"ஆன்டி, நீங்கதான் விளையாடறதே இல்லையே, உங்களுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

சாப்பாட்டு மேசை

சரி, விளையாடுகிறேன் என்று முடிவு செய்தேன். அடுத்த போட்டியில் என் படை, என் பெயர். பிரவீன் அடுத்துப் பூசக் கொடுத்த இருபத்து நான்கு குதிரைகளையும் வாங்கி வைத்துக்கொண்டேன், தொழில் தொழில்தானே. மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்களைத் தேர்ந்தெடுத்தேன். கடையில் எல்லாரும் ரோஜா நிற முகங்களாகப் பூசித் தள்ளுகிறார்கள். நான் ஏழு பழுப்பு கலந்து, கன்னத்து நிழலில் ஒரு துளி ஊதா சேர்த்தேன். நாற்பத்தெட்டுப் பேர், நாற்பத்தெட்டு முகம்.

விதிகளைக் கற்றுக்கொள்ள எதிரி வேண்டுமே. என் கணவர் அருள் கப்பல் பட்டறையில் இன்ஸ்பெக்டர், டேப்பை அவரைப்போல யாரும் பிடிக்க முடியாது. எதிரே உட்கார்ந்து பகடை உருட்டியவர், என் முன்வரிசையில் எட்டுப் பேர் செத்துவிட்டார்கள் என்று அறிவித்து, மேசையிலிருந்து எடுக்கச் சொன்னார். எந்த எட்டு? அந்த மீசைக்காரனுக்கு மட்டும் ஒரு முழு மதியம் ஆயிற்று. அவனை எடுக்க முடியாது, பக்கத்தவனையும் முடியாது. காயம்பட்டிருக்கலாம் என்றேன், மயக்கம் என்றேன். அவர் பகடையைக் கீழே வைத்தார்.

"சாகமாட்டேன்னு அடம்பிடிக்கிற பட்டாளத்தோட மனுஷன் எப்படி ஜெசி சண்டை போடுறது?"

பார்வையாளர் நாற்காலி

போட்டி ஒரு சமூக மன்றக் கூடத்தில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். வாசலில் பெயர் பதிவு செய்கிற இளைஞன் எழுந்து வழிவிட்டான். மரியாதை தெரிந்தவன். தப்பான மரியாதை.

"ஆன்டி, மகனைப் பார்க்க வந்தீங்களா, பேரண்ட்ஸ் சேர் அந்தப் பக்கம்."

நடுவர்

மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. ஒருத்தன் எண்ணெய் வழியும் கறிபாஃப் தின்ற கையோடு என் கொடிக்காரனைக் கொடியைப் பிடித்தே தூக்கினான். கையைத் துடைக்கச் சொல்லித் திஷ்யூ கொடுத்தேன். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது கடைசி அரைமணிக்காக. ஆல்வின் மேசை மேசையாகப் போய் வர்ணத்துக்கு மார்க் போட்டு வந்தார். என் படையின் முன் குனிந்தவர் நிமிரவே இல்லை. முகங்களைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, என்னைப் புண்படுத்தக்கூடாது என்கிற அக்கறையோடு ஆங்கிலத்தில் கேட்டார்: "அழகா இருக்கு. ஆனா இந்தக் கையை எனக்குத் தெரியும். பிரவீன் பூசிக் கொடுத்ததுதானே?"

என் கையை என்னிடமே திருட்டுப் பொருளாகக் காட்டுகிறார். 'பூசியவர் நானே' என்று நான் அடித்த டிக்கின்மேல் அவர் பேனா நின்றது. பிரவீனைக் கூப்பிட்டார். வந்தான். படையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஆல்வினைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆல்வினுக்குத் தமிழ் தெரியாது. நான் குரலை உயர்த்தாமல் தமிழில் சொன்னேன்: "பிரவீன், உன் இருபத்து நாலு குதிரையும் என் வீட்டுல சாம்பல் கலர்ல நிக்குது. இப்ப நீ பொய் சொன்னா, அதே கலர்ல உன் வீட்டுக்கு வந்து சேரும்."

"அவங்க பூசினதுதான்," என்றான் ஆங்கிலத்தில். யாரும் கேட்காமலே, "போன வருஷத்ததும்," என்றான். ஆல்வின் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கடையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுகிறேன் என்றார். என் மேசை அட்டையில் 'பூசியவர்: ஜெசிந்தா அருள்' என்று பெரிய எழுத்தில் அவரே எழுதி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினார். பரிசு இரண்டாவதுதான். முதல் பரிசு புக்கிட் பாத்தோக்கிலிருந்து வந்த ஒருவனுக்கு. அவன் வண்டிகளில் பூசியிருந்த துரு நிஜத் துரு மாதிரியே இருந்தது, அதைச் சொல்ல எனக்கு எரிச்சலாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியை மூடும்போது பிரவீன் பக்கத்தில் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தினேன்.

"ஆன்டி, அப்போ குதிரைங்க அடுத்த வாரம் ரெடியாயிடும் லா?"

இப்போது இருபத்து நான்கும் தயார், ஒவ்வொன்றின் அடித்தட்டுக்குக் கீழேயும் என் பெயரை எழுதி அதன்மேல் மூன்று முறை வார்னிஷ் அடித்திருக்கிறேன், டேப் ஒட்டத் தெரிந்தவன் முடிந்தால் உரித்துப் பார்க்கட்டும்.