தூணில் கட்டிய போன்

எங்கள் வீட்டில் கார் சாவி வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். என் கணவர் ஒரு வருஷத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம், செருப்பைக் கழற்றிக்கொண்டே அந்தச் சாவியைப் பார்த்தேன். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டால் விஷயம் முடிந்தது. அரை நிமிஷ வேலை. நான் எடுக்கவில்லை. அந்த அரை நிமிஷத்தைத் தவிர்க்கப் போய் நான் பட்ட பாட்டைத்தான் சொல்கிறேன்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை வலிப்பு வந்துவிட்டது. முதல் தடவை குளியலறையில், அடுத்தது இட்லித் தட்டின் முன்னால். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் அடங்கிவிடும் என்றார் டாக்டர். ஆனால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை என்னைப் பார்த்துச் சொன்னார். இவர் உடனே தலையாட்டினார். உடனே தலையாட்டுகிற மனிதரை நான் நம்புவதில்லை. இவரோடு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய அனுபவம்.

அந்த வண்டி அவருக்கு உயிர். இங்கிலாந்தில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. ப்ளக்-இன் ஹைபிரிட். ப்ளக்கில் செருகினால் பேட்டரி ஏறும், அதிலேயே ஊருக்குள் சுற்றலாம். பேட்டரி தீர்ந்தால் பெட்ரோல் இன்ஜின் தானாகவே கிளம்பும். பிரேசர் டவுனிலிருந்து எங்கே போனாலும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்றுதானே போகிறோம், பேட்டரியே தாராளம். பெட்ரோல் பங்க் பக்கம் போய் மாதக்கணக்காகியிருந்தது. அது பெட்ரோல் வண்டியும்கூட என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், கொஞ்ச நேரத்தில் நான் சிரிக்காத இடம் வரும்.

சாவியை ஏன் எடுக்கவில்லை? எடுத்தால், 'உங்களை நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. காய்ச்சல் வந்தால்கூட ஒத்துக்கொள்ளாத மனிதர், அப்போது ஒரே மாதத்தில் பாதியாகியிருந்தார். என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக நான் கெட்டிக்காரத்தனம் பண்ணினேன்.

அந்த வண்டிக்கு ஓர் ஆப் உண்டு. பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம், சார்ஜ் ஏறும் நேரத்தை வைக்கலாம், ஏசி போடலாம், முன்விளக்கைப் போட்டு அணைக்கலாம். ஆனால் வண்டி கொஞ்சம் பழையது. இன்டர்நெட்டில் வராது. தன்னுடைய வைஃபை எட்டும் தூரத்தில் இருக்கிற போனோடு மட்டும்தான் பேசும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அதனால் கண்ணாடி விரிசல் விட்ட என் பழைய போனில் ஒரு சிம்மைப் போட்டு, அதைப் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் வைத்து, பேஸ்மென்ட்டில் எங்கள் வண்டிக்குப் பக்கத்துத் தூணில் டேப் சுற்றிக் கட்டினேன். தூணின் பின்பக்கம் ஒரு ப்ளக் பாயின்ட். அதில் போனின் சார்ஜர். இனி ஆபீஸிலிருந்து என் போனில் அந்தப் போனின் திரையைத் திறக்கலாம், அது வண்டியோடு பேசும். வண்டி இடத்தைவிட்டு நகர்ந்தால் 'வண்டி கிடைக்கவில்லை' என்று காட்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"எதுக்கு இது?" என்றார்.

"ராத்திரி சார்ஜ் டைம் வைக்கத்தாங்க. நான் பார்த்துக்கறேன்."

"சரி" என்று தலையாட்டினார்.

முதல் வாரம் ஒரு நாள் அந்தப் போன் செத்துக் கிடந்தது. திரை திறக்கவேயில்லை. அன்று மத்தியானத்துக்குள் அவருக்கு நாலு தடவை போன் பண்ணி, "சாப்டீங்களா?" என்று கேட்டேன். நாலு தடவையும் சாப்பிட்டேன் என்றார். அதற்குப் பிறகு அந்தப் போன் ஒரு நாளும் அணைந்ததில்லை. பழைய போன் என்றாலும் நல்ல போன் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

அப்புறம்தான் கணக்கு உதைத்தது. அப்பார்ட்மென்ட் சங்கத்தின் விதிப்படி பகலில் வண்டியின் சார்ஜ் ஒயர் தரையில் கிடக்கக்கூடாது. அதனால் இரவில் அவர் சுவரோரப் ப்ளக்கில் ஒயரைச் செருகுவார், காலையில் ஆபீஸ் கேப் வருவதற்கு முன் நான் போய்ச் சுருட்டி வைப்பேன். காலையில் பேட்டரி நிறைய இருக்கும். மத்தியானம் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நின்ற இடத்தில் நிற்கிற வண்டிக்கு எப்படிக் குறையும்?

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நான் கையில் போனில்லாமல் இருப்பேன். எங்கள் குழு வேலை செய்கிற அறைக்குள் போன் கொண்டுபோகக்கூடாது, வெளியே லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆக, அந்த ஒரு மணி நேரத்தில்தான் கிளம்புகிறார் என்று முடிவு கட்டினேன். குறைகிற பேட்டரிக்கு மூன்று நாலு கிலோமீட்டர் போகலாம். மாஸ்க் ரோடு பேக்கரிக்குப் போய் பன் வாங்கிக்கொண்டு திரும்புகிற தூரம். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இல்லையே என்று ஒரு கணம் ஆறுதல். அடுத்த கணம் வழியில் இருக்கிற மாவு மில், ஆட்டோ ஸ்டாண்டு, பஸ் நிறுத்தத்தில் நிற்கிற ஜனங்கள் எல்லாம் கண்முன் வருவார்கள். ஸ்டியரிங்கில் அவர் கை இழுத்துக்கொண்டால்? இட்லித் தட்டின் முன்னால் அவர் கை இழுத்துக்கொண்டதைப் பார்த்தவள் நான்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் 'இல்லை' என்பார், அப்புறம் அவரைப் பொய்யராக்கிய பாவமும் என் தலையில். ஆபீஸில் ஒரு வரி தப்பென்றால் பத்துப் பேர் முன்னால் கேட்கிற வாய், வீட்டில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பதில் ஆப்பைத் திறந்து ராத்திரி சார்ஜ் ஏறும் நேரத்தை எடுத்துவிட்டேன். அவர் வழக்கம்போல ஒயரைச் செருகுவார், ஒன்றும் ஏறாது. பேட்டரி தீர்ந்தால் வண்டி கிளம்பாது, பன்னும் கிடையாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன். பேட்டரி எழுபது ஆனது, ஐம்பது ஆனது, முப்பது ஆனது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்கறிக்குக்கூட ஆட்டோவில் போனோம்.

அந்தப் புதன்கிழமை ஆபீஸில் தீயணைப்பு ஒத்திகை. பதினொன்றே காலுக்கு மணி அடித்தது. லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு எல்லாரோடும் படியிறங்கிப் புல்வெளியில் வரிசையில் நின்றேன். பதினொன்று தாண்டி அந்த நேரத்தில் நான் அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை. திறந்தேன்.

வண்டி இடத்திலேயே இருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எங்கேயும் போகவில்லை. பேஸ்மென்ட்டில், வண்டிக்குள், ஏசியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்! உடனே புரிந்தது. எங்கள் எதிர் வீட்டில் ஒரு மாதமாக டைல்ஸ் அறுக்கிறார்கள். அந்தச் சத்தம் மண்டையைப் பிளக்கும். மாத்திரை வேறு பதினொரு மணிக்கு அவரைத் தூக்கத்தில் தள்ளும். பாவம், தூங்க இடம் தேடிப் போயிருக்கிறார். புல்வெளியில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரித்துக்கொண்டே பேட்டரியைப் பார்த்தேன். அடிமட்டத்தில் சிவப்பாக ஒரே ஒரு கோடு இருந்தது.

அப்போதுதான் பெட்ரோல் ஞாபகத்துக்கு வந்தது. பேட்டரி தீர்ந்தால் இன்ஜின் தானாகக் கிளம்பும். மூடிய பேஸ்மென்ட், இன்ஜின் புகை போக இடமில்லை. உள்ளே மாத்திரை மயக்கத்தில் தூங்குகிற மனிதர். பேட்டரியைத் தீர்த்து வைத்தது நான்.

அவருக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. அவர் போன் மாடியில் சாப்பாட்டு மேஜையில்தான் கிடக்கும். வாட்ச்மேனுக்குப் பண்ணினேன், அவரும் எடுக்கவில்லை. எங்களுடையது பன்னிரண்டே வீடுகள், ஒரே வாட்ச்மேன். அந்த நேரத்தில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருப்பார், போன் கேட்டருகே கூண்டில் இருக்கும். ஏசியை அணைக்கப் பார்த்தேன். உள்ளே ஆள் இருந்து வண்டி விழித்திருக்கும்போது அது வெளியிலிருந்து சொல்வதைக் கேட்காது என்று காட்டியது. முன்விளக்கு மட்டும் கேட்டது.

போட்டேன். அணைத்தேன். போட்டேன். அணைத்தேன். நான் அழுத்துவது தூணிலிருக்கிற போனுக்குப் போய், அது வண்டிக்குச் சொல்லி, வண்டி செய்து முடிக்க ஒவ்வொரு தடவையும் மூச்சு ஒன்று பிடித்து விடுகிற நேரம் ஆனது. எங்கள் வண்டி சரிவுப் பாதையைப் பார்த்து நிற்கிறது. விளக்கு சரிவின் பக்கச் சுவரில் விழும். தண்ணீர்த் தொட்டி அந்தச் சரிவின் தலைமாட்டில். கடவுளே, அந்த ஆள் ஒரு தடவை கீழே பார்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அழுத்தினேன். தலைகளை எண்ணிக்கொண்டு வந்தவர், "மேடம், கவுன்ட் முடியற வரைக்கும் போன் வேண்டாம்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளை எண்ணப் போய்விட்டார்.

எத்தனை தடவை அழுத்தினேன் என்று தெரியாது. போன் அடித்தது. வாட்ச்மேன்.

"மேடம், போன் பண்ணிக்கினே இருந்தீங்களா? உங்க வண்டி லைட்டு போயிப் போயி வருது மேடம், போனை எடுத்துக்கினு என்னான்னு கீழ போய்ப் பாத்தா சார் உள்ள தூங்கினு இருக்காரு."

"எழுப்புங்கண்ணா! வெளிய கூட்டினு வாங்க! இன்ஜின் ஓடுதா?"

"இப்பத்தான் குர்ருன்னு ஆரம்பிச்சுது. கண்ணாடி தட்டினேன், எந்திரிச்சிட்டாரு. பயப்படாதீங்க மேடம், நல்லாத்தான் கீறாரு. நிக்கிறாரு பாருங்க, நீ யாருன்னு என்னியே கேக்குறாரு."

தூக்கக் கலக்கம். புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒத்திகையில் மயங்கி விழுவதும் ஒரு பகுதி என்று யாரோ நினைத்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்து எங்கள் கேட்டில் நிற்கிற அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கிற கடன் தீராது. ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கலாம், சரிவுப் பக்கம் பேஸ்மென்ட் திறந்துதான் இருக்கிறது என்று அப்புறம் பலர் சொன்னார்கள். இருக்கலாம். மேம்பாலத்தில் கேப் நகர்ந்த அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டில் டைல்ஸ் அறுபட்டுக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். யாரைத் திட்டுகிறேன் என்று தெரியாமல் அவரை, டைல்ஸ்காரரை, டாக்டரை, என்னை எல்லாரையும் திட்டினேன். சார்ஜை நிறுத்தியது நான்தான் என்பதையும் அதற்குள்ளேயே சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார். "ஏறலைன்னு வண்டியிலயே காட்டுதே. உனக்கு எம்மேல கோவம்னு விட்டுட்டேன். இன்னிக்கு அஞ்சு நிமிஷம்தான்னு கண்ணை மூடினேன்மா."

"தெரிஞ்சா கேக்கக் கூடாதா?"

"நீ கேட்டியா?"

எழுந்து போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய சாவியை எடுத்தார். சோபாவில் கிடந்த என் கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். "இதை நீ வச்சுக்கோ. அந்தப் போனைக் கழட்டிடு. நான் எங்க இருக்கேன்னு என்னைக் கேட்டா நானே சொல்வேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்குப் போனேன். கட்டிய நாளுக்குப் பிறகு நான் அந்தத் தூணின் பின்பக்கம் போனதே இல்லை. போய்ப் பார்த்தால், நான் வைத்தபோது ஒற்றை ப்ளக்காக இருந்த இடத்தில் ஒரு மல்டி ப்ளக் இருந்தது. எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னாலிருந்து காணாமல் போனது அதுதான். ஒரு பக்கம் என் போனின் சார்ஜர். இன்னொரு பக்கம் கார் கழுவுகிறவரின் வாக்குவம் மெஷினுக்காகக் காலியாக விடப்பட்டிருந்தது. முதல் வாரம் போன் ஏன் செத்தது என்று அப்போதுதான் விளங்கியது.

சார்ஜருக்கு மேலே ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. கார் கழுவுகிறவருக்காகக் கன்னடத்தில், என் கணவரின் கோணல் எழுத்தில்:

'இதைப் பிடுங்காதீர்கள். வீட்டில் பயப்படுவார்கள்.'

தாளின் ஓரம் பழுத்துச் சுருண்டிருந்தது. ஒட்டி ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, வாட்ச்மேன் வந்து என்ன மேடம் என்று கேட்கிறவரைக்கும் அங்கேயே அழுதுகொண்டு நின்றேன்.