பூஜைக்கு வைத்த கயிறு

என் வீட்டுக்காரர் பாறை ஏறுவார். நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். அதுதான் எங்களுக்குப் பிழைப்பு.

முன்னே ரெண்டு பேரும் கல் குவாரியில் இருந்தோம். குவாரியை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் பெங்களூரு, சென்னைப் பக்கத்திலிருந்து ஆட்கள் பாறை ஏற வர ஆரம்பித்தார்கள். ஏறுவதற்கு என்றே வருகிறார்கள். மேலே கோயில் ஒன்றும் கிடையாது. அவர்களுக்குக் கயிறு கட்டவும் பிடிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. நாங்கள் போனோம். கயிறு பிடிப்பதை அவர்கள் பிலே என்பார்கள். நாங்கள் பிடி என்போம்.

அண்ணாமலை மேல் இதெல்லாம் கிடையாது. அது சாமி. நாங்கள் ஏறுவது வேங்கிக்கால் தாண்டி இருக்கிற ஒரு மொட்டைப் பாறை. ஆடு மேய்க்கிறவர்கள்கூட அதன் பின்பக்கமாகத்தான் மேலே போவார்கள். முன்பக்கம் செங்குத்து.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ரெண்டு போல்ட் அடித்திருக்கிறது. ஒன்று பிடுங்கிக்கொண்டாலும் இன்னொன்று தாங்கும். ரெண்டிலும் இரும்புச் சங்கிலி, சங்கிலி முனையில் வளையம். கயிறு அந்த வளையம் வழியாகப் போய்த் திரும்பும். ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில். இன்னொரு பக்கம் என் இடுப்புக் கொக்கியில் மாட்டிய இரும்புப் பிடிக்குள் நுழைந்து என் கைக்கு வரும். அவர் ஏற ஏற நான் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கணும். அவர் கை விட்டால் நான் கயிற்றைக் கீழே அழுத்துவேன், நின்றுவிடும். அவர் என்னைவிட கனம். அதனால் என்னைப் பின்னால் இருக்கிற குண்டுக்கல்லோடு கட்டிக்கொள்வேன். இல்லாவிட்டால் அவர் கீழே வருவார், நான் மேலே போவேன்.

அவர் முடிச்சை நான் பார்ப்பேன். என் கொக்கியை அவர் பார்ப்பார். தினமும் பார்ப்போம். சண்டை போட்ட நாளிலும் பார்ப்போம்.

அது ஆயுத பூஜை சமயம். வீட்டில் பழைய வேட்டி விரித்து எல்லாவற்றையும் வைத்தோம். அரிவாள்மணை, கடப்பாரை, குவாரி சுத்தியல், கயிறு, இடுப்புப் பட்டை, ஹெல்மெட். என் தம்பி பக்கத்து வீடுதான். ஆட்டோ ஓட்டுகிறான். அன்றைக்குப் புது பேட்டரி வாங்கி வந்திருந்தான்.

"ஆட்டோவ உள்ள கொண்டாற முடியாதுக்கா. அதுக்கு பதிலா இது இருக்கட்டும்" என்று அதையும் கொண்டுவந்து வைத்தான். நான் அப்போது அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். எங்கே வைத்தான் என்று பார்க்கவில்லை. நான் வந்தபோது எல்லாவற்றுக்கும் மேலே பூ போட்டிருந்தது, பேட்டரி அதற்குள் மறைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கயிறு முழுக்க வைத்தோம். சோறு போடுகிற கயிறு. கற்பூரம் காட்டினோம்.

அன்றைக்கு எதையும் எடுக்கக் கூடாது. மறுநாள் காலையில் மறுபூஜை. பூஜையிலிருந்து எடுத்து, அவரவர் தொழிலைக் கொஞ்சமாவது செய்துவிடணும். அப்போதுதான் வருஷம் முழுக்கத் தொழில் ஓடும். தையல்காரன் ஒரு தையல் போடுவான். என் தம்பி ஆட்டோவை ஒரு சுற்று ஓட்டுவான். எங்களுக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம்.

காலையில் தம்பி வந்து பேட்டரியை எடுத்துப் போன பிறகு, மீதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேட்டியை உதறினேன். ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஓரம் பழுப்பாக இருந்தது. விரலால் தொட்டால் உதிர்ந்தது.

"இது இன்னா?" என்றேன்.

வீட்டுக்காரர் பார்த்தார். "கற்பூரம் பட்டிருக்கும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. கயிற்றை முழுசாகப் பிரித்து, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பார்த்தோம். தீப்பட்டால் நைலான் உருகிக் கட்டி தட்டும். அப்படி எங்கேயும் இல்லை. மஞ்சளும் சிவப்புமாகக் கறைதான், சந்தனம் காய்ந்து அங்கங்கே விறைத்திருந்தது. நாங்கள் வைத்த கறை. அதற்கடியில் வேறு கறை இருந்தாலும் தெரியாது. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தம்பியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் கடை கடையாகப் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். ரோடு சிவப்பாகக் கிடந்தது. ஒரு பைக்காரன் அதில் சறுக்கி விழுந்து எழுந்துகொண்டிருந்தான். மலை மேல் மேகம் இறங்கி உச்சி தெரியவில்லை.

பாறையில் ராத்திரி மழை வடிந்த இடமெல்லாம் இன்னும் ஈரம் காயாமல் கருப்பாக இருந்தது. உச்சி விளிம்பில்தான் ஜாஸ்தி. அங்கே யாரும் போகப் போவதில்லை. சங்கிலிவரை ஏறி இறங்குவதுதான் வேலை. சங்கிலி வளையத்தில் எப்போதும் ஒரு சரடு விட்டு வைத்திருப்போம். அதில் கயிற்றைக் கட்டிக் கீழிருந்தே இழுத்து மாட்டினோம். முடிச்சைப் பார்த்தேன். கொக்கியைப் பார்த்தார்.

"கட்டியாச்சா?"

"கட்டியாச்சு. புடிச்சியா?"

"புடிச்சேன்."

ஏறினார். தம்பி என் பக்கத்தில் குந்திக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினான். "மாமா, மேல போயி சாமியாராயிடாதீங்க. ஊர்ல ஏற்கனவே ஜாஸ்தி."

"உங்கக்காகூட குடித்தனம் பண்றவன் பாதி சாமியார்தான்டா" என்றார் மேலேயிருந்து.

தம்பி சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி அவனைப் பார்த்தேன். காக்கி பேன்ட் முட்டியில் ஓட்டை இருந்தது. ஓரம் பழுப்பு.

"இன்னாடா இது?"

"அத ஏன் கேக்கற. பேட்டரிக்காரன் ஆசிட்ட தளும்பத் தளும்ப ஊத்திட்டான். தூக்கிகினு வரும்போது மேல சிந்திடுச்சி. புது பேன்ட்டுக்கா."

"பூஜையில எங்க வெச்ச?"

"எத?"

"பேட்டரிய."

"கயித்து நடுவுலதான். சுத்தி வெச்சிருந்தீங்களா, நடுவுல பள்ளமா இருந்துது. சாயாம நிக்கும்னு அதுல சொருகினேன்."

என் கை கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க விரலுக்கடியில் ஓர் இடம் விறைப்பாக வந்தது. காய்ந்த நார் மாதிரி. கட்டை விரல் நகத்தால் கீறினேன். மேல் பின்னல் மாவாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளைச் சரடு. அதுவும் உதிர்ந்தது.

பூஜையில் கயிறு சுருட்டியிருந்தது. ஒரு பக்கமாக ஆசிட் பட்டிருந்தால் சுற்றுக்குச் சுற்று பட்டிருக்கும். என் கைக்கு வந்தது ஓர் இடம். மீதி எங்கே என்று தெரியாது. அவருக்கும் சங்கிலிக்கும் நடுவில் இருக்கிற கயிற்றில் எத்தனை இடம் என்று தெரியாது.

அவர் பாதிக்கு மேல் போயிருந்தார். பனை உயரத்துக்கு மேலே. அங்கே ஒரு வெடிப்பு இருக்கிறது. அதில் கால் வைத்து, கயிற்றில் உட்கார்ந்து கையை உதறிக்கொள்வார். எப்போதும் செய்வதுதான்.

"புடி. உக்காரப் போறேன்."

"உக்காராத!"

கீழே பார்த்தார். "இன்னாடி, மரியாதை கொறையுது?"

"கயித்துல எடை போடாத. மேல போ."

"தேனீயா?"

பாறையில் பெருந்தேனீ கூடு கட்டும். கலைந்தால் ஆளைக் கொன்றுவிடும். அதைப் பார்த்தால் சத்தம் போடாமல் ஏறிவிட வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"போ" என்றேன்.

தம்பி எழுந்துவிட்டான். என் கையில் உதிர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான்.

"சத்தம் வந்துது, கொன்னுடுவேன்" என்றேன் மெதுவாக.

இறங்கச் சொல்ல முடியாது. அந்தப் பாறையில் ஏறலாம். இறங்கும்போது கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாது. மேலே போவதுதான் வழி. சொன்னால் அவர் கை நடுங்கும். நான் சொல்லவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு விறைப்பு வந்தது. அப்புறம் இன்னொன்று.

அவர் சங்கிலிக்குப் போய்ச் சேர்ந்தார். கையால் எட்டிப் பிடித்தார்.

"தேனீயக் காணமே. எறக்கு."

"எறக்க மாட்டேன். சங்கிலிய கையால புடிச்சிக்க. கயித்துல ஆசிட் பட்டிருக்கு. பட்டையிலயும் பட்டிருக்கலாம். எதையும் நம்பாத. மேல ஏறி பின்பக்கமா எறங்கி வா."

என்னைப் பார்த்தார். அப்புறம் தலைக்கு மேலே இருக்கிற விளிம்பைப் பார்த்தார். ஈரம். பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு காலைத் தூக்கிப் பாதத்தை மறு கால் பேன்ட்டில் துடைத்தார். அடுத்த காலையும் துடைத்தார்.

கையைச் சங்கிலியிலிருந்து எடுத்து விளிம்பில் வைத்தார். மார்பு மேலே போனது. அப்போது ஒரு கால் வழுக்கியது. இடுப்பிலிருந்து கால்வரை வெளியே ஆடியது. தம்பி முகத்தை மூடிக்கொண்டான். நான் கயிற்றை அழுத்தினேன். அழுத்தி ஒன்றும் ஆகாது என்று தெரியும். வேறு எதை அழுத்துவது.

முட்டி மேலே போனது, நான் கயிற்றைத் தளர்த்தினேன். வயிறு போனது. கடைசியில் ரெண்டு பாதம் தெரிந்தது. அதுவும் போனது.

அவர் பின்பக்கமாகச் சுற்றி இறங்கி வருகிறவரை தம்பி அழுதுகொண்டிருந்தான். "நான் வேணும்னு செய்யலக்கா."

"தெரியும். மூக்கத் தொடச்சிக்க."

நான் அப்போதும் கயிற்றை விடவில்லை. அவர் மேலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தார், அந்தப் பக்கம் ஆளே இல்லை. விடுவதற்குக் கை வரவில்லை.

வந்தார். முட்டியில் தோல் போயிருந்தது. என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். முனையைக் குண்டுக்கல்லில் சுற்றிக் கட்டி, கல்லில் கால் ஊன்றி ஒரு இழுப்பு இழுத்தார். அறுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடி அறுந்த முனையைப் பார்த்தார்.

"மச்சான்" என்றார். "உன் பேட்டரி நல்லா வேலை செய்யுதுடா."

தம்பி மறுபடியும் முகத்தை மூடிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அந்தக் கயிற்றையும் பட்டையையும் துண்டு துண்டாக வெட்டினோம். எதிர்வீட்டுக்காரி மாடு கட்டக் கேட்டாள். கொடுக்கவில்லை. வெட்டும்போது அவர் கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"பாதியில."

"நான் பாதி ஏறனப்பவா, வெடிப்புக்கிட்ட வந்தப்பவா?"

"வெடிப்புக்குக் கொஞ்சம் கீழ."

"அதுலேருந்து நீ வாயத் தொறக்கல."

"தொறந்தா உங்க கை நடுங்கும்."

தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா என்று தெரியவில்லை.

இப்போது புதுக் கயிறு இருக்கிறது. பூஜைக்கு அதில் ஒரு முழம் வெட்டித் தனியாக வைத்திருக்கிறோம். மீதி ஆணியில் தொங்கும். தம்பி கயிற்றுப் பக்கமே வருவதில்லை. ஏறுவதும் நடக்கிறது. ஒரே ஒரு மாற்றம்தான்.

நான் ஜாஸ்தி பேசுகிறவள் இல்லை. முன்னே அவர் ஏறி இறங்குகிறவரை ரெண்டு வார்த்தை பேசினால் அதிகம். நான் சும்மா இருந்தால் கீழே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவருக்குக் கணக்கு. இப்போது நான் சும்மா இருந்தால் அவர் கால் நின்றுவிடுகிறது. பாறையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறார். கூப்பிடவும் மாட்டார், ஏறவும் மாட்டார்.

அதனால் பேசுகிறேன். ரேஷனில் பருப்பு வரவில்லை என்கிறேன். ஆடு முருங்கையைக் கடித்துவிட்டது என்கிறேன். பௌர்ணமிக்கு பஸ் எல்லாம் நிரம்பி வரும், முன்னாடியே காய் வாங்கணும் என்கிறேன். வெளியூர்ப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கயிற்றை விரலால் தடவிக்கொண்டே பேசுகிறேன். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். அவர் ஏறுகிறார்.