அனிதா மேரி டீச்சரின் வெள்ளிக்கிழமைக் கணக்கு

அனிதா மேரி டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் வணிகவியல் நடத்துகிறார். நான் சேக் பரீத், அதே பள்ளியில் எழுத்தர். சம்பளப் பில், ஸ்காலர்ஷிப், டி.சி. எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். யார் எந்தக் கிழமை லீவு போடுகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. டீச்சர் இந்த ஒன்பது வருடத்தில் வெள்ளிக்கிழமை லீவு போட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் விளையாட்டு. பி.டி. சாருக்கு முட்டிவலி என்பதால் அந்தப் பீரியடை டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடத்தை அதில் நடத்தினார். நகை அடகு ரசீது, சீட்டு அட்டை, போனில் கடன் கொடுக்கிறவர்களின் மெசேஜ் என்று வீட்டில் கிடைப்பதைப் பிள்ளைகள் கொண்டுவர வேண்டும். பெயரை விட்டுவிட்டுத் தொகையை மட்டும் போர்டில் எழுதி, உண்மையில் வட்டி எவ்வளவு என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்வார். வட்டி வாங்குவதே பாவம் என்று வளர்ந்த என் காதில் விழுகிற மாதிரி இத்தனை வட்டிக் கணக்கா என்று நான் சீண்டுவேன். வாங்காவிட்டால் போகிறது, எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள் என்பார். என் பைக் லோன் விவரம் அவருக்குத் தெரியும்.

இந்தப் பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் ஒருநாள் சொன்னார். தேனி மாவட்டம் தேவாரம் பக்கத்தில் அவருடைய அப்பா இன்னாசிக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் இருந்தது. மூன்று வருடத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று சொன்ன ஒரு கம்பெனியை நம்பி, அதில் பாதியை விற்றுப் போட்டார். கம்பெனி பூட்டிக்கொண்டது. அதன்பிறகு மாதத்துக்கு ஒருநாள், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கம்பெனி கொடுத்த பத்திரத்தை மஞ்சள் பையில் வைத்துத் தேனிக்குப் பஸ் ஏறுவாராம். பூட்டிக்கிடக்கும் ஷட்டர் முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவாராம். சாகும்வரை போனார். இது நடக்காத கணக்கு என்று அப்பாவுக்குப் போட்டுக்காட்ட ஒரு ஆள் இல்லையே என்பதுதான் டீச்சரின் ஆத்திரம்.

போன ஆவணியில் கிருபாவதி, அம்மாவின் கூலியில் பிடிக்கும் காசை எழுதிய ஒரு துண்டுத்தாளைக் கொண்டுவந்தாள். பதினொன்றாம் வகுப்பு, கணக்கில் சூட்டிகையான பிள்ளை. அவள் அம்மா ஜக்கம்மா, கூடலூரிலிருந்து தினமும் விடியற்காலை ஜீப் ஏறி மலையடிவாரத்து லோயர் கேம்ப் வழியாகக் கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர். அப்பா கிடையாது. ஜீப்பை ஓட்டுபவர் மலைச்சாமி. எஸ்டேட்டுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியும் அவரே. ஜக்கம்மா அவரிடம் நாலு வருடத்துக்கு முன்னால் பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். வட்டி இல்லாத பணம் என்று ஊரே சொல்லும். தினக்கூலியில் மட்டும் 'வண்டிக்காசு' என்று நாற்பது ரூபாய் பிடித்துக்கொள்வார்.

போர்டில் கிருபாவதியே கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு நாற்பது. மாதம் இருபத்தைந்து நாள் வேலை. வருடத்துக்குப் பத்து மாதம். ஆகப் பத்தாயிரம். வாங்கிய பணம் முழுவதையும் அம்மா ஒவ்வொரு வருடமும் கட்டியிருக்கிறார். நாலு வருடத்தில் நாற்பதாயிரம் போயும் அசல் அப்படியே நிற்கிறது. அந்தத் தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, டீச்சர் ஆபீசுக்கு எடுத்துவந்து என்னிடம் காட்டினார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய சின்னப்பிள்ளையின் முகம் அன்றைக்கு அவருக்கு.

வழியையும் டீச்சரே சொல்லிக்கொடுத்தார். மகளிர் குழுவில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்தான் வட்டி. அங்கே பத்தாயிரம் வாங்கி மலைச்சாமியின் கடனை அடைத்துவிட்டால், நாற்பது ரூபாய் பிடிப்பு நின்றுவிடும். அந்தக் காசே குழுவுக்குக் கட்டப் போதும். எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இது சரியான யோசனைதான். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

ஜக்கம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மலைச்சாமி எண்ணி வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலை ஜக்கம்மா தூக்குச்சட்டியோடு வழக்கமான இடத்தில் நின்றார். ஜீப் வந்தது. நிற்காமல் போய்விட்டது.

செவ்வாயும் நிற்கவில்லை, புதனும் நிற்கவில்லை. மற்ற ஜீப்காரர்களைக் கேட்டால், அவரவர் அட்வான்ஸ் கொடுத்த ஆளுக்கே இடமில்லை என்றார்கள். உள்ளூரில் திராட்சைத் தோட்டத்தில் மூன்று வாரத்துக்கு நாலு நாள் வேலை கிடைத்தது. குழுவின் தவணை நாள் வந்தது. ஜக்கம்மா கட்டாத தவணையை மற்ற பெண்கள் பங்குபோட்டுக் கட்டிவிட்டு, அவர் வீட்டு வாசலில் வந்து பேசிவிட்டுப் போனார்கள்.

கிருபாவதியும் அம்மாவும் என் மேசை முன்னால் வந்து நின்றது புரட்டாசியில். டி.சி. வேண்டும், பிள்ளையை மில் வேலைக்கு அனுப்பப்போகிறேன் என்றார் ஜக்கம்மா. விண்ணப்பம் கிருபாவதியின் அழகான கையெழுத்தில் இருந்தது. நான் அதை வாங்கி டிராயரில் போட்டுவிட்டு, ஹெட்மாஸ்டர் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார் என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. லேபர் ஆபீசில் புகார் எழுதலாம் என்று நான் குதித்தேன். ஜக்கம்மாவுக்குத் தெரிந்து ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார். அதிகாரிகள் ஜீப்பைப் பிடித்துவிட்டால் அதில் போகும் மீதிப் பதிமூன்று பெண்களும் தன் வீட்டுக்கு மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று அழுதார். வேறு வழி தெரியாமல் நானும் டீச்சரும் சாயங்காலம் மலைச்சாமியைப் பார்க்கப் போனோம்.

அவர் வில்லன் மாதிரி இருப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒடிசலான மனுசன், பம்ப் அடித்து டயருக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தார். டீச்சரைக் கண்டதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். கடனை ஒழுங்காக அடைத்த பொம்பளைக்கு ஏன் இந்தத் தண்டனை என்று டீச்சர் நேரடியாகக் கேட்டார்.

"தண்டனையெல்லாம் இல்ல டீச்சர். கடன் இருக்குற பொம்பள நாளைக்கும் எங்கிட்டத்தான் வரும். கடன் இல்லாதவக, அடுத்த ஜீப்புல இருவது ரூவா கூடக் குடுத்தா அங்கன ஏறிருவாக. பதினாலு ஆளுன்னு சொல்லிப்பிட்டு பதிமூணக் கொண்டுபோனா மொதலாளி என்னையத் தள்ளிருவாரு. வண்டிக்கு நான் டியூ கட்டணும்ல?"

அந்தப் பத்தாயிரம் கடனல்ல, ஜீப்பில் அந்தப் பொம்பளைக்கு இடம்பிடிக்கப் போட்ட துண்டு என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. இந்த ஊரில் எழுத்துக்கூட்டத் தெரியாத பெண்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. பட்டம் வாங்கிய எங்களுக்குத் தெரியவில்லை.

"அப்பன்னா அவங்களுக்கு மறுபடியும் அட்வான்ஸ் குடுங்க" என்றார் டீச்சர். ஒன்பது வருடமாகக் கடன் வாங்காதே என்று தொண்டை கிழியக் கத்திய வாய், ஒருத்திக்குக் கடன் கொடுங்கள் என்று கேட்டது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

மலைச்சாமி பம்பைக் கீழே வைத்தார். "பத்து குடுக்க மாட்டேன் டீச்சர். ஒருதரம் அடச்சவக மறுபடியும் அடைப்பாக. இருவதுன்னா அடைக்க மாட்டாக. வண்டிக்காசு எம்பது. அதுக்கும் நீங்க சாமீன் போடணும்" என்றார். டீச்சர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடனுக்கு என்ன வட்டி என்பது அங்கே நின்ற எல்லோரிலும் அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

திங்கட்கிழமை ஜீப் நின்றது. பிள்ளையும் பள்ளிக்கூடம் வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை எஸ்டேட்டில் ஏதோ விடுமுறை. கடைசிப் பீரியடுக்குக் கொஞ்சம் முன்னால், டீச்சர் என் மேசைப் பக்கம் நின்றபோது, ஜக்கம்மா லட்டுப் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தார். நல்ல சேலை, தலையில் பூ. கிருபாவதி பின்னால் நின்றாள்.

"கடன் கெடச்சிருச்சு டீச்சர். பாதிய எடுத்துக் குழுக்காரகளுக்குக் கட்டிட்டேன். எல்லாம் ஒங்களாலதான். நல்லா இருப்பீக" என்று ஒரு லட்டை எடுத்து டீச்சர் கையில் வைத்தார். மெய்யான சந்தோசம் அது, அதில் ஒரு துளி நடிப்பும் இல்லை. டீச்சர் லட்டை வாங்கிக்கொண்டார். வாயில் வைக்கவில்லை. ஹெட்மாஸ்டருக்கும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஜக்கம்மா பக்கத்து அறைக்குப் போனார்.

நான் டிராயரைத் திறந்து டி.சி. விண்ணப்பத்தை எடுத்துக் கிழித்தேன். டீச்சர் கிருபாவதியைப் பார்த்துச் சொன்னார்: "நீ போட்ட கணக்குல தப்பில்லடா. நான்தான் பாதி மட்டும் சொல்லிக் குடுத்துட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்ப வருசத்துக்கு இருவதாயிரம் டீச்சர். அன்னைக்கே போட்டுப் பாத்துட்டேன். அம்மாகிட்டச் சொல்லல" என்றாள்.

பெல் அடித்தது. டீச்சர் லட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.