கிளடிஸ் அக்கா நம்பாத எண்கள்

யாருடைய வாகனம் வந்து நின்றாலும் கிளடிஸ் அக்கா முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே பின்பக்கம் போய், முழங்காலுக்கு ஒரு காட்போட் மட்டையைப் போட்டுக் குனிகிறார். ஒரு கையில் கைபேசி வெளிச்சம், மற்றக் கையில் அளவுநாடா. ட்ரெயிலரைக் கொளுவும் ஹிச்சின் வாய் ஒன்றேகால் அங்குலமா, இரண்டு அங்குலமா என்று அளக்கிறார். அதன் தகட்டில் துரு மூடிய எழுத்தை நகத்தால் சுரண்டி வாசிக்கிறார். எழும்பிக் கையைத் துடைத்த பிறகுதான், "ஓம், சொல்லுங்கோ" என்கிறார். நாம் சொல்லப்போவதை அவர் நம்பப்போவதில்லை என்பது அந்த ஓமிலேயே தெரிந்துவிடும்.

ரொறன்ரோவின் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியோரக் கடைத்தொகுதிப் பிளாசா ஒன்றின் பின்னால், ட்ரெயிலர் வாடகைக்கு விடும் முற்றம் அது. பதினொரு வருடமாக அங்கே கவுண்டரில் இருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு, ஊர் மன்னார்ப் பக்கம். பனியோ வெயிலோ, மேலே ஒரே நீலக் கம்பளிச் சட்டை. ட்ரெயிலர் விஷயம் இவ்வளவு தெரிந்த மனுஷிக்குச் சொந்தமாகக் கார் இல்லை. ஓட்டவும் தெரியாது. வேலைக்கு வருவது ஸ்டீல்ஸ் பஸ்ஸில். கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் பொய் சொல்லுவார்கள் என்ற முடிவுக்கு அவர் அந்தப் பஸ்ஸில் இருந்துதான் வந்திருக்கவேண்டும்.

பெரிய பொய் இல்லை. "சின்னச் சாமான்தான் அன்ரி" என்பார்கள். அந்தச் சின்னச் சாமானுக்குள் குளிர்ப்பெட்டி, மூன்று கட்டில், கல்லுப் பதித்த மேசை எல்லாம் அடங்கும். நகருக்குக் கிழக்கே அஜக்ஸுக்கு வீடு மாறுகிற சனம் எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றத்தான் பார்க்கும். நானும் அப்படித்தான் போய் நின்றேன். "கொஞ்சம் புத்தகம் இருக்கு அக்கா" என்றேன். "கொஞ்சம் எண்டால் எத்தினை பெட்டி? தூக்கிப் பாத்தனீங்களோ, இல்லாட்டிச் சும்மா அடிச்சு விடுறியளோ?" என்று கேட்டார். ட்ரெயிலர் தரவில்லை. வீடு போகும் வழியெல்லாம் மனுஷியைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஹிச்சுகளில் வகுப்பு உண்டு. கிளாஸ் ஒன்று இரண்டாயிரம் இறாத்தல் வரை தாங்கும், இரண்டு மூவாயிரத்து ஐந்நூறு வரை, மூன்று அதற்கும் மேலே. கிளாஸ் மூன்றை வாங்கிப் பூட்டிவிட்டால் மினிவான் லொறியாகிவிடும் என்பது நம்மவர்களின் நம்பிக்கை. யூட்சன் என்ற இளைஞர் அப்படித்தான் வந்தார்.

"கிளாஸ் திறீ போட்டிருக்கிறன் அன்ரி. ஐயாயிரம் எண்டு அடிச்சிருக்கு, பாருங்கோ."

"உது இரும்பின்ர நம்பர் தம்பி. வானின்ர நம்பர் எங்க?"

வானின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் மூவாயிரத்து ஐந்நூறு. ட்ரெயிலர் வந்து உட்காரும் இரும்புக் குண்டைத் திருப்பிப் பார்த்தால் அதில் இரண்டாயிரம். "இருக்கிறதுக்குள்ள எது சின்ன நம்பரோ, அதுதான் உங்கட நம்பர்" என்றார் கிளடிஸ் அக்கா. யூட்சன் வெறும் வானோடு திரும்பிப் போனார்.

ஆனால் கிளடிஸ் அக்காவின் சந்தேகம் உச்சத்துக்கு ஏறுவது ஆட்கள் விஷயத்தில். ட்ரெயிலரின் மூக்கு வானின் பின்புறத்தை அழுத்துகிற பாரமும், உள்ளே இருக்கிற சனமும், அவர்களுடைய பைகளும் சேர்ந்து, ஓட்டுநர் பக்கக் கதவில் ஒட்டியிருக்கிற எண்ணைத் தாண்டக்கூடாது. சாமானுக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் தங்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

"எத்தினை பேர் ஏறுவியள்?"

"அஞ்சு பேர்."

"மாமி வரேல்லையோ?"

"மாமியும் வாறா."

"அப்ப ஆறு. மாமி எத்தினை இறாத்தல்?"

இந்தக் கேள்விக்குப் பிறகு அவரோடு கதை பேச்சு இல்லாத குடும்பங்கள் ரொறன்ரோவில் பல உண்டு.

சென்ற ஆவணியில் எங்கள் கோயில் பங்கிலிருந்து வடக்கே மிட்லண்ட் திருத்தலத்துக்கு யாத்திரை. முந்நூறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு. சமையல் குழு மட்டும் வெள்ளிக்கிழமை பின்னேரமே ஒரு வானில் போய், அங்கே ஒருவருடைய வளவில் அடுப்பு மூட்டவேண்டும். மற்றவர்கள் சனி காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போது சோறு வெந்திருக்கும். கணவருடைய இருதய ஒப்பரேஷன் சுகமாக முடிந்தால் மூன்று வருடம் யாத்திரிகர்களுக்குச் சமைத்துப் போடுவதாகக் கிளடிஸ் அக்கா மாதாவுக்கு நேர்ந்திருந்தார். மனுஷன் பிழைத்துவிட்டார். இரண்டு வருடம் சமைத்தாயிற்று, இது மூன்றாவது. வெங்காயம் வெட்டுகிற வேலைக்கு நானும் பெயர் கொடுத்திருந்தேன்.

ட்ரெயிலர் அவருடைய முற்றத்தில் எடுத்ததுதான். கிடாரங்கள், அரிசி மூட்டைகள், காஸ் அடுப்புகள் எல்லாம் ஏற்றியானபின், ஒரு குளியலறைத் தராசைக் கொண்டுவந்து ட்ரெயிலரின் மூக்கை அதன்மேல் இறக்கினார். இருநூற்று எண்பது. கதவில் இருந்த எண் ஆயிரத்து இருநூற்று இருபது. மிச்சம் தொள்ளாயிரத்து நாற்பது, அதற்குள் பைகளோடு ஆறு பேர். ஒவ்வொருவரும் சொன்னதைக் காட்போட் மட்டையில் எழுதினார். தனக்கு நூற்று நாற்பது என்று போட்டார். கூட்டினால் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு.

கணக்குச் சரி என்று நாங்கள் வானில் ஏறிவிட்டோம். அவர் ஏறவில்லை. தன் பையோடு வானின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தராசைக் கதவடியில் கொண்டுவந்து வைத்தார்.

"ஒவ்வொராளா ஏறி இறங்குங்கோ பாப்பம்."

குழுத் தலைவர் அமிர்தநாதர் முன்சீற்றில் இருந்தார். "கோயில் காரியத்துக்குப் போற ஆக்களைத் தராசில ஏத்துறதே, பிள்ளை?" என்றார். அருள்நாயகி அன்ரி செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். ஓட்டுகிற றொய்சன் கண்ணாடியைச் சரிசெய்தான். ஒருவரும் இறங்கவில்லை.

கிளடிஸ் அக்கா தானே ஏறினார், கையில் பையோடு. குனிந்து பார்த்தார். இறங்கி, மட்டையில் நூற்று நாற்பதை வெட்டி நூற்று எழுபத்திரண்டு என்று எழுதினார். திரும்பக் கூட்டினார்.

"இருபத்திநாலு கூட."

"இருபத்திநாலு இறாத்தல் எல்லாம் ஒரு பாரமே?" என்றார் அமிர்தநாதர்.

"நான் ஏறாட்டி மற்ற ஆக்களின்ர பொய்யும் உதுக்குள்ள அடங்கும்" என்றார் கிளடிஸ் அக்கா. குரலில் கோபம் இல்லை.

நான் நூற்று அறுபது என்று சொல்லியிருந்தேன். உண்மையில் நூற்று எழுபத்தெட்டு. வாயைத் திறந்திருக்கலாம், இறங்கியிருக்கலாம். வெங்காயம் யாரும் வெட்டலாம், நேர்த்தி அவருடையது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சீற்றை விட்டு எழும்பாமல் வெளியே பிளாசாவின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பையைத் திறந்து, நான்காக மடித்து வைத்திருந்த சமையல் ஏப்ரனை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, வான் கதவை இழுத்துச் சாத்தினார்.