சுடும் என்று மாமா சொன்ன விளக்கு

சரியாக மாலை ஆறு பத்துக்குக் கரண்ட் வந்தது. அங்கிருந்துதான் எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. மற்ற வீடுகளில் கரண்ட் போனால் காரியம் கெடும். எங்கள் வீட்டில் அது வந்து கெடுத்தது.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். தன் அறைச் சுவருக்கு நியான் விளக்கு வேண்டும் என்று நச்சரித்தாள், வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் நான் வீடு திரும்புவதற்குள் நாற்காலி மேல் ஏறி, தானே மாட்டி, பிளக்கையும் சொருகிவிட்டு ஈரக் கையோடு நின்றாள். இந்தக் காலத்து நியான் வெறும் பிளாஸ்டிக், ஒன்றும் செய்யாது என்று எனக்கு விளக்கம் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். ஆனாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிப்போட்டேன். அது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் வயதில் எனக்கும் புரிந்ததில்லை.

அப்போது நாங்கள் சமயநல்லூரில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் அம்மா ஒரு கொட்டகை போட்டுக் கோழிக்குஞ்சு வளர்த்தாள். தகரத்தை வட்டமாக அடைத்து, உள்ளே உமியைப் பரப்பி, நடுவில் குண்டு பல்புகளைத் தாழ்வாகத் தொங்கவிடுவாள். பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளுக்கு அந்தப் பல்புகள்தான் தாய். அப்பா மதுரையில் மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். "படிக்கிற பிள்ளைக்கு ஒரு பல்பு, கோழிக்கு நாலு பல்பா?" என்று கரண்ட் பில் வரும்போதெல்லாம் கேட்பார். முந்தைய தடவை வந்த குஞ்சுகள் நோயில் போயிருந்தன. இந்தத் தடவையும் போனால் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.  அம்மா அன்று மத்தியானம் வந்த குஞ்சுகளை, பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மூக்கைத் தண்ணீரில் நனைத்துத்தான் கீழே விட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மதுரையில் கடைப் பலகைகளுக்குக் கண்ணாடிக் குழாயை வளைத்து நியான் விளக்குச் செய்யும் பட்டறையில் வேலை. ஒரு ஜவுளிக்கடைப் பெயருக்கு அடியில் போடவென்று செய்து, கடைக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கிய நீண்ட வளைந்த கோடு ஒன்றைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கூடவே செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர்.

"மச்சான் இனிமே வாயே திறக்க மாட்டாருக்கா. இது கரண்டே இழுக்காது. இந்தப் பல்பையெல்லாம் கோயில் நட்சத்திரத்துக்குக் கொண்டுபோறேன்" என்றார். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது, கோயில் முகப்பு நட்சத்திரம் அவர் பொறுப்பு.

கரண்ட் இல்லாத அந்த மத்தியானத்திலேயே பல்புகளைக் கழற்றிவிட்டுக் குழாயைக் கட்டினார். முனைகளில் துணியைச் சுற்றினார். போகும்போது என்னைப் பார்த்து விரலை ஆட்டினார்: "மருமகளே, கிட்டப் போகாத. தொட்டா சுட்டுப் பொசுக்கிரும்."

ஆறு பத்துக்குக் கொட்டகை முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆனது. அடுப்புக் கங்கை நீட்டி வைத்த மாதிரி இருந்தது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இம்புட்டுச் சிவப்பா எரியுதே, எம்புட்டுச் சூடு இருக்கும்!" என்று சொல்லிவிட்டுத் தீவனம் கலக்கப் போனாள். நான் தகரத்தின் ஓரம் குந்தினேன்.

குஞ்சுகள் விளக்குக்கு அடியில் வரவில்லை. ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. கீச்சுச் சத்தம் கூடிக்கொண்டே போனது. அம்மாவைக் கூப்பிட்டேன். "புது இடம்ல, அப்படித்தான் கத்தும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு சத்தம் குறையத் தொடங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தகரத்தைத் தாண்டி உள்ளே போனேன். ஒரு விரலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, குழாயைத் தொட்டேன். சுடவில்லை. உள்ளங்கையை முழுதாக வைத்தேன். மத்தியானத்துத் தின்பண்டம் மாதிரி ஆறிக் கிடந்தது. சூடு வேறு எங்காவது இருக்கும் என்று குழாயைத் தடவிக்கொண்டே துணி சுற்றிய முனைவரை போனேன். அங்கேயும் இல்லை.

"அம்மா, மாமா பொய் சொல்லிட்டாரு! இது சுடவே இல்லை!"

அம்மா ஓடிவந்து விளக்குக்கு அடியில் உமியைத் தொட்டாள். மூலைக்குப் போய், அடியில் அமுங்கியவற்றை இழுத்து முந்தானையில் அள்ளினாள். "ஓடு, பல்பை வாங்கிட்டு வா" என்றாள். 

கோயில் வாசலில் நட்சத்திரம் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மாமா ஏணி உச்சியில். கீழே, கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் அண்ணாந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பல்பைக் குடுங்க! குஞ்செல்லாம் சாகுது!"

"அங்கதான் வெளிச்சம் இருக்கே, மருமகளே?"

"வெளிச்சத்துக்கு இல்ல மாமா, குளிருக்கு! நீங்க சுடும்னீங்க. நான் தொட்டேன், சுடவே இல்லை!"

மாமா ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தொட்டியா? எங்க தொட்ட?" என்றார். பொய் பிடிபட்டதால் முகம் வெளுத்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஏம்ப்பா, ஆண்டவர் பிறக்கப்போற நேரத்துல நட்சத்திரத்தை அணைக்கிறதா?" என்று உபதேசியார் குறுக்கே வந்தார்.

"நட்சத்திரத்துக்குக் குளிராது. குஞ்சுக்குத்தான் குளிரும்" என்றேன்.

 அவர் ஏணியைத் தானே பிடித்துக்கொண்டார். "கழட்டு மாப்ள, கழட்டு."

மாமா துண்டைச் சுற்றி ஒவ்வொரு பல்பாகத் திருகி எடுக்க, நட்சத்திரம் முனை முனையாக அணைந்தது. பாவாடையில் ஏந்தியபடி நான் முன்னால் ஓடினேன். மாமா பின்னால் வந்து, வேறு எதையும் தொடாமல் முதலில் மெயினை அணைத்தார்.

பல்புகள் எரிந்தன. முதலில் எதுவும் அசையவில்லை. பிறகு ஒரு குஞ்சு தலையைத் தூக்கி நடுவுக்கு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் வட்டம் முழுக்கப் பரவி, உமியைக் கிளறித் தீவனம் கொத்தத் தொடங்கின. அடியில் நசுங்கிய சில போக, மற்றதெல்லாம் பிழைத்தன. அந்த வயதில் யாரும் தூக்காத கனத்தில் இருந்த என்னை அம்மா தூக்கிக்கொண்டு கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினாள். மாமா தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். பார்ப்பதற்கு நியான், பக்கத்தில் இருப்பதற்குக் குண்டு பல்பு: அன்று நானே கண்டுபிடித்த சட்டம் இது. மறுநாள் அந்தச் சிவப்புக் கோடு கோயில் உச்சிக்கு ஏறியது; சோழவந்தான் பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். கொட்டகையைப் பிரிக்கும் பேச்சு அதன்பிறகு எழவே இல்லை.

ஆனால் அன்று கடைசியாக வந்தது அப்பா. பஸ் தாமதம். அவர் செருப்பைக் கழற்றும் முன்பே அம்மாவும் நானும் மாறி மாறிக் கதையைச் சொன்னோம். "உங்க மகதான் தைரியமா உள்ள போயி தடவிப் பாத்தா!" என்றாள் அம்மா. மாமா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா மூலையில் கிடந்த டிரான்ஸ்பார்மரையும் அதன்மேல் எழுதியிருந்த ஆயிரக்கணக்கான வோல்ட்டையும் பார்த்தார், துணி சுற்றிய முனைகளைப் பார்த்தார். உயிர் பிழைத்த குஞ்சுகளின் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பாராட்டுக்காக நான் காத்திருந்தேன். அவர் பையை நழுவவிட்டு என் முன்னால் மண்டியிட்டார்.

"கையைக் காட்டு."

பள்ளியில் அழுக்குப் பார்ப்பதுபோல என்று நினைத்து, பாவாடையில் துடைத்துவிட்டு ஒரு கையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விரலையும் தொட்டார்.

"இன்னொரு கையையும் காட்டும்மா" என்றார்.